கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற விருந்தாளி

வாசலில் வந்து நிற்கிற வெளியூர் ஆள் நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தால் நாம் என்ன நினைப்போம்? பாவம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் நினைப்போம். அஞ்சலாட்சியும் அதைத்தான் நினைத்தாள். நல்ல மனசோடுதான் நினைத்தாள். அந்த நல்ல மனசு இழுத்துவிட்ட வினையைச் சரிசெய்வதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன கடலோர ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில் டார்ச் லைட் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. எண்பத்திரண்டாம் வருஷம். நீளமாக ஒரு மேஜை, அதைச் சுற்றிப் பத்துப் பெண்கள். நடுவில் கூடை கூடையாகத் தகரக் குழல், செப்புத் தகடு, சுவிட்சு, பல்பு, கண்ணாடி, மூடி. ஒவ்வொருத்தியும் ஒரு டார்ச்சை முழுதாகப் பூட்ட வேண்டும். பூட்டியதும் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு பேட்டரியைப் போட்டு ஒரு தரம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் பேட்டரியை உருவிக்கொண்டு டார்ச்சைத் தன் தட்டில் அடுக்க வேண்டும். எரியாவிட்டால் பிரித்து மறுபடியும் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்துபார்த்தால்தான் அந்த 'அவ்வளவுதா'னின் அருமை தெரியும்.

அஞ்சலாட்சி அந்த மேஜைக்கு லீடர். நெல்லித்தோப்புக்காரி, முப்பத்தாறு வயசு. மில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் புருஷனும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். அவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து டார்ச் பூட்டுவாள். லீடர் என்பதற்கு அடையாளமாகச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போடுவாள். "கை ஓடட்டும்டி, வாய் அப்புறமா ஓடலாம்" என்பாள். அவள் வாயும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, முதல் நாள் வீட்டில் சண்டை என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கு அவள் தட்டு காலியாகத் தெரியும். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து, ஆளுக்கு இரண்டு டார்ச்சை அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வைத்தது என்று கேட்கிற பழக்கமும் கிடையாது, நான்தான் வைத்தேன் என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. இதில் அதிகமாகப் பிழைத்தவள் குஞ்சம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். முன்னாளில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரை வீட்டில் சமையல் பார்த்தவள். கை மெதுவாகத்தான் போகும். ஆனால் துரைசாணி பல்லியைக் கண்டு கட்டில்மேல் ஏறிக் குதித்த கதையை அவள் நடித்துக் காட்டினால் கொட்டகையே அதிரும். சிரித்த பிறகு பத்துப் பேர் கையும் தானாக வேகம் பிடிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது டார்ச். கெட்டது ஒன்றோ இரண்டோ.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆடி மாசக் கடைசியில் மேனேஜர் சக்கரபாணி மேஜைப் பக்கம் வந்தார்.

"இந்தாம்மா அஞ்சலாட்சி, நாளைக்கு மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வர்றாரு. கிருஷ்ணசாமின்னு பேரு. கொஞ்ச நேரம் மேஜையாண்ட நிப்பாரு. மரியாதையா நடந்துக்கணும், ஆமா."

யார், எதற்கு என்று அவர் சொல்லவில்லை. மேனேஜர்கள் சொல்வதில்லை. சொல்லாத இடத்தை நிரப்பப் பத்துப் பெண்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பெரிய ஆர்டர் கொடுக்க வருகிற வியாபாரி என்று தனக்கொடி முடிவு கட்டினாள். தவளக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இருபத்திரண்டு வயசுப் பெண் அவள். மேஜையிலேயே கை வேகம் அவளுக்குத்தான்.

"ஆர்டர் கெடச்சா நம்மள எல்லாம் பெர்மனெண்ட் ஆக்கிடுவாங்கக்கா!" என்று அவள் சொன்னதும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கொட்டகை வாசலில் கோலம். பத்துத் தலையிலும் மல்லிகைப்பூ. கிருஷ்ணசாமி ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. குஞ்சம்மாள் எழுந்து நின்று, "போன்ழூர் முசியே!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி வரவேற்று, கடையிலிருந்து வாங்கி வந்த கலர் சோடாவை நீட்டினாள். அவர் கூச்சத்தோடு வாங்கிக் குடித்தார். பிறகு சுவர் ஓரமாகப் போய் நின்று, பையிலிருந்து வட்டமான ஒரு கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டார்ச்சைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். பெண்களைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அஞ்சலாட்சிக்கு மனசு அடித்துக்கொண்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனுஷன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல. ஒரு பெட்டி டார்ச்சாவது அவர் கண்ணெதிரே முடித்துக் காட்டாவிட்டால் ஆர்டர் எப்படிக் கொடுப்பார்?

"அடியே, அவருக்கு நேரமாவுது, வாட்சையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு பாரு" என்று மேஜைக்கு அடியில் குனிந்து கிசுகிசுத்தாள். "சீக்கிரம் பூட்டிக் காட்டுங்கடி! நம்ம கம்பெனி மானம் போவக்கூடாது!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! பத்துப் பெண்களும் பேய் பிடித்தவர்கள் போலப் பூட்டினார்கள். தனக்கொடியின் விரல் கண்ணுக்கே தெரியவில்லை. குஞ்சம்மாள்கூட மூச்சு வாங்க வாங்க ஈடுகொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு நாற்பத்தைந்து. கிருஷ்ணசாமி குறிப்பேட்டில் என்னமோ எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, கை உதறிச் சிரித்தார்கள். பெரிய காரியம் சாதித்த சிரிப்பு.

ஆர்டர் வரவில்லை. பதினைந்து நாள் கழித்துச் சுவரில் ஒரு கரும்பலகை வந்தது. அதில் பத்துப் பேர் பெயர், ஒவ்வொரு பெயருக்கு நேராக '350' என்ற எண்.

"இனிமே ஆளுக்கு ஒரு நாளைக்கு முன்னூத்தி அம்பது" என்றார் சக்கரபாணி. "முடியாதுன்னு சொல்ல வேணாம். கிருஷ்ணசாமி சார் வாட்ச் வச்சு அளந்து குடுத்த கணக்கு. அவருக்கு அதான் உத்தியோகமே."

குஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடப்பாவி முசியே! கலர் வாங்கிக் குடிச்சானேடி!"

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சி தன்னையே கேட்டுக்கொண்டாள். விரட்டியது யார்? அவள். மானம் மானம் என்று கிசுகிசுத்தது யார்? அவள். அந்த முன்னூற்று ஐம்பதைக் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதியதுபோல இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு அந்த மேஜை மேஜையாக இல்லை. பேச்சு நின்றது, சிரிப்பு நின்றது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தொண்டை காயக் காய உட்கார்ந்திருந்தார்கள். நல்ல சுவிட்சாகப் பார்த்துத் தன் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள் தனக்கொடி. தட்டுக்கு மேல் துணி போட்டு மூடினாள் இன்னொருத்தி. அடுத்தவள் தட்டில் இரண்டு வைப்பதாவது! தன் தட்டிலிருந்து குறைந்துவிட்டதோ என்று எண்ணி எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நாள் குஞ்சம்மாள் கை தவறித் தனக்கொடியின் கூடையில் பல்பு எடுத்துவிட்டாள்.

"ஏன் ஆயம்மா, உனக்குக் கண்ணு தெரியலியா? செய்ய முடியலன்னா ஊட்ல கெடக்க வேண்டியதுதான?" என்று சீறினாள் தனக்கொடி. சொன்ன மறுகணம் அவள் முகம் செத்துப்போயிற்று. ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து குஞ்சம்மாள் கதை சொல்வதை விட்டாள்.

அஞ்சலாட்சி கனவில்கூடச் சுவிட்சு மாட்டினாள். பிள்ளை சோறு கேட்டால் எரிந்து விழுந்தாள். இவ்வளவு பாடுபட்டும் ஆளுக்கு முன்னூறுதான் தேறியது. எரியவிட்டுப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே தட்டில் போட்டார்கள். எரியாத டார்ச் எத்தனை போயிற்றோ, அந்தப் பெட்டிக்கே வெளிச்சம்.

கார்த்திகை பிறந்த முதல் திங்கட்கிழமை சக்கரபாணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பலகையில யாருமே முன்னூத்தி அம்பதத் தொடல. முதலாளி போன்ல என்னக் கிழிக்கிறாரு. மூணு பேரக் கழிச்சாத்தான் மத்தவங்களுக்கு பயம் வரும்னு சொல்லிட்டாரு. யார் யாருன்னு எனக்கு என்னா தெரியும்? நீதான் லீடரு. சனிக்கிழமைக்குள்ள மூணு பேரு எழுதிக் குடு."

"சார், அந்தக் கணக்கு தப்பு சார். அவர இன்னொரு தரம் வந்து அளக்கச் சொல்லுங்க."

"வாட்ச் பொய் சொல்லுமா? போம்மா, வேலையப் பாரு."

வாட்ச் பொய் சொல்லவில்லை சார், நாங்கள்தான் சொன்னோம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விரட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டால் முதல் பெயராகத் தன் பெயரே போய்விடுமே என்ற பயம் அந்த நாக்கைக் கட்டிப்போட்டது. பயந்தாள், அதுதான் உண்மை.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். முதல் பெயர் சட்டென்று வந்தது: குஞ்சம்மாள். கை மெதுவு, வயசாகிவிட்டது, சண்டைக்கு வரமாட்டாள். எழுதிவிட்டுப் பார்த்தால் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. இரண்டாவதாக, அடிக்கடி லீவு போடுகிற அமிர்தவல்லி. மூன்றாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

தெய்வம் விழுப்புரம் லாரியில் வந்தது. அங்கே ஒரு கடைக்காரர் இரண்டு பெட்டி டார்ச்சைத் திருப்பி அனுப்பியிருந்தார், பாதிக்கு மேல் எரியவில்லை என்று. சக்கரபாணி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாயங்காலமே மெட்ராஸுக்கு போன் போட்டார். கிருஷ்ணசாமி வெள்ளிக்கிழமை வருகிறார் என்று செய்தி வந்தது.

அஞ்சலாட்சிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மற்ற ஒன்பது பேரையும் நிறுத்திவைத்தாள். லிஸ்ட் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"இந்தத் தடவ யாரும் ஓடக்கூடாது. மெதுவா, ஆற அமர, ஊர்கோலம் போற மாதிரி. மணிக்குப் பதினெட்டுக்கு மேல ஒருத்தி பூட்டுனீங்கன்னா நான் பத்திரகாளியா மாறிடுவேன், தெரியுதா?"

"எனக்குப் பிரச்சனையே இல்ல. நான் எப்பவும் அப்படித்தான்" என்றாள் குஞ்சம்மாள். இரண்டு மாசம் கழித்து அன்றைக்குத்தான் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். தனக்கொடி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததே தெரியவில்லை. கடலில் புயல் சின்னம். வானம் அடைத்துக்கொண்டு, மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கிருஷ்ணசாமி நனைந்த சட்டையோடு வந்து சுவர் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அதே வட்டக் கடிகாரத்தை எடுத்தார். யாரும் கலர் கொடுக்கவில்லை. மெதுவாக வேலை செய்வது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சுவிட்சை எடுத்து, திருப்பிப் பார்த்து, ஊதி, துடைத்து, மாட்டினார்கள். தனக்கொடிக்கு விரலெல்லாம் துடித்தது. அமிர்தவல்லி ஒரு மூடியை மூன்று தரம் கழற்றி மூன்று தரம் மாட்டினாள். அஞ்சலாட்சி ஓரக்கண்ணால் பார்த்தபோது, கிருஷ்ணசாமியின் உதட்டோரம் லேசாகக் கோணியிருந்தது. இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது!

மத்தியானம் மூன்று மணிக்கு வானத்தைப் பிளக்கிற மாதிரி ஓர் இடி. டியூப் லைட் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தது. சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை ஏற்கெனவே சாத்தியிருந்ததால் கொட்டகை கும்மிருட்டாகிவிட்டது. பக்கத்து அறையில் சக்கரபாணி மெழுகுவத்தி தேடித் தடுக்கி விழுகிற சத்தம் கேட்டது. கரண்ட் போனால் வேலை கிடையாது, கை கட்டி உட்கார்ந்திருக்கலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். உட்கார்ந்தார்கள். மழை கூரையில் தடதடவென்று அடித்தது.

"கையக் கட்டிக்கிட்டு இருட்டுல உக்காந்திருந்தா பயமா இருக்குதுடி" என்றாள் குஞ்சம்மாள்.

"எனக்குக் காலையிலேருந்து மெதுவா செஞ்சு செஞ்சு கையே வலிக்குதுக்கா" என்றது தனக்கொடியின் குரல். "இப்பதான் வாட்ச் தெரியாதே. ஒண்ணே ஒண்ணு பூட்டிக்கிறேனே."

அஞ்சலாட்சி பதில் சொல்வதற்குள் பளிச்சென்று ஒரு வெளிச்சம் எதிர்ச் சுவரில் அடித்து அணைந்தது. தனக்கொடி ஒரு டார்ச்சைப் பூட்டி எரியவிட்டுப் பார்த்துவிட்டாள்! அடுத்து இன்னொரு வெளிச்சம், அமிர்தவல்லி பக்கத்திலிருந்து. இத்தனை வருஷம் பூட்டிய கைக்குக் கண் எதற்கு? தகடு எங்கே, சுவிட்சு எங்கே என்று விரலுக்கே தெரியும். ஒவ்வொரு டார்ச்சும் முடிந்ததும் சுவரில் ஒரு வெளிச்சம். கூரையில் ஒன்று, கதவில் ஒன்று, ஒருத்தி வேண்டுமென்றே இன்னொருத்தி மூக்கில் அடித்தாள். "ஐயோ, பேயி!" என்று ஒரு கூச்சல், உடனே சிரிப்பு.

"துரைசாணி இப்படித்தான்டி..." என்று குஞ்சம்மாள் தொடங்கினாள்.

அவ்வளவுதான். இரண்டு மாசமாக அடைத்திருந்த மடை உடைத்துக்கொண்டது. பல்லி வந்தது, கட்டில் வந்தது, துரைசாணி கட்டில்மேல் ஏறினாள். இந்தத் தரம் கட்டில் கால் ஒடிந்ததும் சேர்ந்துகொண்டது. சிரித்துச் சிரித்து அஞ்சலாட்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் கையும் ஓடியது. வெளிச்சம் வெளிச்சமாகச் சுவரெல்லாம் பூத்தது. ஸ்டூலில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அத்தனை பேரும் சுத்தமாக மறந்துபோனார்கள். நாற்பது நிமிஷம்!

கரண்ட் வந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார்கள். தட்டு தட்டாக டார்ச் நிறைந்திருந்தது. குஞ்சம்மாள் தட்டில் மற்றவர்கள் தட்டில் இருப்பதைவிட நாலைந்து கூடவே இருந்தது. குஞ்சம்மாள் நிமிர்ந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். தனக்கொடி மிகவும் அக்கறையாகத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருநூற்று மூன்று" என்றார் கிருஷ்ணசாமி.

பத்துத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பின.

"நாற்பது நிமிஷத்துல இருநூற்று மூன்று வெளிச்சம். ஆளுக்கு மணிக்கு முப்பது. காலையில பதினெட்டு." அவர் எழுந்து வந்தார். "ஆடி மாசம் நாற்பத்தைந்து. நான் இருபது வருஷமா அளக்கிறேன். ஒரே மேஜையில மூணு கணக்கு வந்து நான் பார்த்ததில்லை. யாராவது சொல்லுங்க, எது நிஜம்?"

சக்கரபாணி மெழுகுவத்தியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். "காலையில ஏமாத்தியிருக்காங்களா சார்? அஞ்சலாட்சி! இது உன் வேலதானா?"

இப்போது ஓடி ஒளிய இருட்டும் இல்லை. அஞ்சலாட்சி எழுந்து நின்றாள்.

"என் வேலதான் சார். ரெண்டும் என் வேலதான். இன்னைக்கு மெதுவா செய்யச் சொன்னதும் நான்தான். அன்னைக்கு ஓடச் சொன்னதும் நான்தான். இவங்க யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"அன்னைக்கு ஏன் ஓடச் சொன்னீங்க?" என்றார் கிருஷ்ணசாமி.

"நீங்க வாட்சையே பாத்துக்கிட்டு நின்னீங்க சார். மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு நெனச்சோம். எங்களால நீங்க பஸ்ஸ விட்டுடக் கூடாதுன்னுதான்..."

கிருஷ்ணசாமி அவளையே பார்த்தார். அப்புறம் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அன்னைக்கு இங்கேயே லாட்ஜிலதாம்மா தங்கினேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒல்லி உடம்பு குலுங்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சக்கரபாணியிடம் திரும்பினார்.

"அன்னைக்கு விருந்தாளிக்காக நடிச்சாங்க. இன்னைக்குக் காலையில என்னைக் கண்ட பயத்துல நடிச்சாங்க. இருட்டுல நான் இருக்கிறதையே மறந்துட்டாங்க. அதுதான் நிஜம். எரியாத டார்ச்சுக்கு வெளிச்சம் வராது சார். நான் எண்ணினது அத்தனையும் நல்ல டார்ச். மேஜைக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து முன்னூறுன்னு எழுதிக்கலாம்."

"இப்ப ஒரு நாளைக்கு மூவாயிரம் பூட்டுறாங்க சார்!"

"அதுல எரியறது?"

சக்கரபாணி விழுப்புரத்துப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் திறந்தார். "சரி சார். ஆனா மேஜைக்குன்னு வேணாம், ஆளுக்கு இத்தனன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் யாரு செய்யல, யாரக் கழிக்கிறதுன்னு தெரியும்."

"இருட்டுல எந்த வெளிச்சம் எந்தக் கையிலேருந்து வந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேஜைக்குத்தான் எழுத முடியும்" என்றார் கிருஷ்ணசாமி.

அது பொய். பத்துப் பேர் அசையாமல் பத்து இடத்தில் உட்கார்ந்திருக்க, எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்கு எந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலா இருக்கும்? இருட்டில் எந்தக் கை எந்தத் தட்டுக்கு நீண்டது என்பதைக்கூட அவர் பார்த்திருப்பார். ஆனால் குறிப்பேட்டில் மேஜைக்கு என்றே எழுதி, கையெழுத்தும் போட்டார். சக்கரபாணி அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கரும்பலகைக்குப் போய், பத்துப் பெயரையும் முன்னூற்று ஐம்பதையும் துடைத்துவிட்டு, '2300' என்று ஒரே ஓர் எண்ணை எழுதினார். அந்தச் சாக்பீஸ் கிறீச்சிட்ட சத்தம் அஞ்சலாட்சிக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

"ஒரு மாசம் பாக்கிறேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றவர், அவள் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார், "அந்த லிஸ்ட் எழுதிட்டியா?"

"இல்ல சார்" என்றாள் அவள்.

சாயங்காலம் மழை விடவில்லை. பெண்கள் கத்திக்கொண்டும் ஒருத்தி குடைக்குள் நாலு பேர் நுழைந்துகொண்டும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்கள். தனக்கொடி தன் குடையைக் குஞ்சம்மாள் கையில் திணித்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். அஞ்சலாட்சி குஞ்சம்மாளோடு அந்தக் குடைக்குள் நடந்தாள். நாலடி நடந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மூணு பேரக் கழிக்கணும்னு மேனேஜர் லிஸ்ட் கேட்டாரு. நான் எழுதிட்டேன். மொதப் பேரு உன் பேருதான்க்கா."

குஞ்சம்மாள் நிற்கவில்லை. சேற்றில் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

"தெரியும்டி. நாலு நாளா என் மூஞ்சியப் பாத்து நீ பேசல. அப்பவே நெனச்சேன். நானா இருந்தாலும் என் பேரத்தான் மொதல்ல எழுதியிருப்பேன். ரெண்டாவது?"

"அமிர்தவல்லி."

"மூணாவது?"

"எழுதல. யாரத் தேடியும் கெடைக்கல. நான்தான விரட்டி இத்தனையும் ஆச்சு, நாளைக்குக் காலையில என் பேரப் போட்டுக் குடுத்திடலாம்னு இருந்தேன்க்கா."

குஞ்சம்மாள் இப்போதுதான் நின்றாள். குடையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தாள். மழை இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"பைத்தியம் புடிச்சவளே" என்றாள். "நீ போயிட்டா எங்கள யாருடி விரட்டுறது?"